சனிக்கிழமை மட்டும் அடிக்கிற கரண்ட்

"கரண்ட்டுக்கு என்ன, கேலண்டர் பாக்கத் தெரியுமா? திங்கள் வேணாம், செவ்வாய் வேணாம், சனிக்கிழமை மூணு மணி ஆனா மட்டும் எந்திரிச்சு வந்து உன்னைத் தேடி அடிக்குதாக்கும்!"

"அடிக்குதுன்னா அடிக்குதுதான். நீங்க தொட்டுப் பாருங்களேன்!"

"தொட்டேனே! காலையிலதானே தொட்டேன்! என்னை ஏன் அடிக்கல?"

"உங்களைக் கண்டா அதுக்கும் பயமா இருந்திருக்கும்."

லேத் மிஷின் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. தனியாக இருந்திருந்தால் ஒருவேளை அவரும் சிரித்திருப்பார். ஆறு பேர் முன்னால், அதுவும் தன் பட்டறையில், தன் மிஷினைப் பற்றி ஒருத்தி இப்படிப் பேசினால் எந்த முதலாளி சிரிப்பார்?

கதவுக் கைப்பிடி, தாழ்ப்பாள், கொக்கி என்று பித்தளையிலும் ஸ்டீலிலும் செய்து கொடுக்கிற பட்டறை அது. கீழே பட்டறை, மாடியில் வீடு. முதலாளிக்குத் தெருவில் 'பட்டன்' என்று பெயர். அவர் முன்னால் அதைச் சொன்னவர் கிடையாது. அவர் முதுகு திரும்பியபின் சொல்லாதவரும் கிடையாது.

பெயருக்குக் காரணம், வாசலுக்கு உள்ளே சுவரில் இருந்த ட்ரிப் சுவிட்ச். எங்காவது கரண்ட் கசிந்தால், ஆளைப் பதம் பார்ப்பதற்குள் மொத்த லைனையும் தானே அணைத்துவிடுகிற சமாசாரம். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஷட்டரைத் தூக்கியதும் முதலாளி ஆட்களையெல்லாம் நிற்க வைத்து, நடுவிரலால் அதை அழுத்துவார். 'டக்' என்று விழும். பட்டறை இருண்டுபோகும். "பாத்துக்கிட்டீங்களா? நம்ம பட்டறையில எவன் உசுருக்கும் பயமில்ல" என்பார். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்த தகப்பன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அவர் முகம். வாராவாரம் அதே குழந்தை, அதே முதல் அடி. ஆட்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

அப்பேர்ப்பட்ட பட்டறையில் போய் "ஷாக் அடிக்குது" என்றால்?

சொன்னவளுக்குப் 'பாலிஷ்' என்று பெயர். பஃப் மிஷின் அவள் பொறுப்பு. மோட்டாரின் இரண்டு பக்கமும் துணிச்சக்கரம் சுற்றும்; அதில் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். ஒன்பது வருஷமாக அந்தச் சக்கரத்தின் முன்னால்தான் நிற்கிறாள். வயது முப்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடக்கிற அப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எல்லாவற்றுக்கும் பாலிஷ் போடுகிறவள், தன் நாக்குக்கு மட்டும் போட மறந்துவிட்டாள் என்று முதலாளி அடிக்கடி சொல்வார்.

"போன வாரம் சுள்ளுனுதான் இருந்துச்சு. இன்னிக்கு மிஷின் மேல வச்ச கை அப்படியே ஒட்டிக்கிச்சுண்ணே. இழுத்துப் பிடுங்கினேன். இனிமே நான் அதைத் தொடமாட்டேன்."

"சனிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னா வாயைத் திறந்து கேளு. மிஷின் மேல பழி போடாத."

"பொய் சொல்றேங்கறீங்களா?"

"ட்ரிப் சுவிட்ச் பொய் சொல்லாதும்மா. கரண்ட் கசிஞ்சிருந்தா அது விழுந்திருக்கும். விழல. அப்ப யாரு பொய் சொல்றா? நீயே சொல்லு."

அவள் மிஷினை விட்டு விலகி, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதலாளி அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். புதன்கிழமை வரை கெடு வைத்தார். வியாழக்கிழமை காலையில் அவள் மிஷின் முன்னால் நிற்காவிட்டால், அடுத்த தெருவிலிருந்து வேறு ஒருத்தி வந்து நிற்பாள், அவளிடம் சொல்லியும் ஆயிற்று. பாலிஷுக்கு வேலை போனால் போகிறது, இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் வேலை செய்யாமல் இருக்க ஷாக் அடித்ததாக நாடகம் போட்டவள் என்ற பெயரை முதுகில் கட்டிக்கொண்டு அந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறைக்குப் போவது? முதலாளிக்கு அது உறைத்ததா என்றால், உறைத்தது. இரவுச் சாப்பாட்டின்போது ஒருமுறை உறைத்தது. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டார்.

அந்த வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி விசேஷமானது. அங்கே நின்றால் கீழே பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கும். நிற்பவரைக் கீழே இருப்பவர்கள் பார்க்க முடியாது. முதலாளியின் மனைவி பத்தொன்பது வருஷமாக அந்தப் படியில் நின்றுதான் குடும்பம் நடத்திவருகிறாள். சனிக்கிழமையும் அங்கேதான் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தன் தங்கை வீட்டுக்குப் போன் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை, தூறலில் நனைந்தபடி, தோளில் ஒரு பெட்டியோடு தங்கையின் புருஷன் வந்து நின்றார். அதாவது முதலாளியின் சகலை.

இவர்கள் இருவரும் பேசி இரண்டு வருஷம். காரணம் கேட்டால் சிரிக்கக்கூடாது. ஒரு கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் சகலை போய் நின்றுகொண்டார். ஆல்பம் வந்தபோது முதலாளியின் இடது காது மட்டும்தான் அதில் விழுந்திருந்தது. அன்றோடு சரி. சகலைக்குத் தொழில், மில், ஆஸ்பத்திரி, பட்டறை என்று போய் மின்சார லைன்களைச் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பது. "மீட்டரைக் காட்டிப் பொழைக்கிறவன்" என்பது முதலாளி அவருக்குக் கொடுத்திருந்த சான்றிதழ்.

"உன் தங்கச்சி புருஷனை இங்க யாரு கூப்பிட்டா?" என்று முதலாளி மாடியைப் பார்த்துக் கேட்டார். சகலை ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்று ஏழாம் படியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, வேலையை ஆரம்பிக்கலாமான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க" என்றார் சகலை, அவரும் மாடியைப் பார்த்தே.

"தாராளமா ஆரம்பிக்கச் சொல்லு. நம்ம போர்டு நூத்துக்கு நூறு. இவரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தா கண்ணாடி போட்டு மாட்டி வைக்கிறேன்."

எல்லா மிஷினும் நின்றது. ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சூழ்ந்தார்கள். பாலிஷ் மட்டும் பெஞ்சு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் ஒரு தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவளுக்கு அந்த வேலைதான்.

சகலை முதலில் பொத்தானை அழுத்தினார். 'டக்.' முதலாளி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இது அந்தப் பெட்டி தன்னைத்தானே கிள்ளிப் பாத்துக்கறது. அவ்வளவுதான்" என்று சகலை பொதுவாகச் சொன்னார். "பெட்டிக்கு வெளிய ஒயர் இருக்கா, எர்த் இருக்கா, எதுவும் அதுக்குத் தெரியாது. இனிமேதான் சோதனை."

கைக்கு அடக்கமான மீட்டர் ஒன்றை எடுத்து ஒரு சாக்கெட்டில் செருகினார். அந்த மீட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்கு, அதாவது மண்ணுக்குப் போகிற ஒயருக்கு, கசியவிடும். பதினைந்து மில்லி ஆம்பியர் கசிந்தால் சுவிட்ச் விழக்கூடாது. முப்பது கசிந்தால் கண் இமைப்பதற்குள் விழுந்தாக வேண்டும். பதினைந்தில் விழவில்லை. முப்பதில் 'டக்.' மீட்டர் இருபத்தாறு மில்லி செகண்ட் என்று காட்டியது. நோட்டில் எழுதிக்கொண்டார். சுவிட்சைத் தூக்கிவிட்டு அடுத்த சாக்கெட். அங்கே இருபத்தேழு. அதற்கடுத்தது, லேத் பக்கம், டிரில் பக்கம், கடைசியாக பஃப் மிஷின் சாக்கெட். எல்லா இடத்திலும் விழுந்தது. ஒவ்வொரு 'டக்'குக்கும் முதலாளி ஒரு விரற்கடை உயர்ந்துகொண்டே போனார்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணி" என்றார் சகலை. அவர் குரலிலேயே கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. மீட்டரைப் பெட்டிக்குள் வைத்தார்.

"அப்ப தெளிவாயிடுச்சில்ல?" என்று முதலாளி பாலிஷைப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, அதட்டலாகக் கேட்கவில்லை. ஜெயித்தவனுக்கு வரும் பெருந்தன்மையோடுதான் கேட்டார். "போனது போகட்டும். நாளையிலேர்ந்து மிஷின்ல நில்லு. நானும் இதைப் பத்திப் பேசமாட்டேன்."

பாலிஷ் தாழ்ப்பாளைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நீங்க சோதிச்சது செவுத்தைத்தானே?" என்று சகலையிடம் கேட்டாள். "நான் செவுத்தையா தொட்டு வேலை செய்யறேன்? மிஷினையில்ல தொடறேன்."

பெட்டியை மூடப்போன கை நின்றது. சகலைக்குக் காது மடல் சிவந்துவிட்டது. வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் இரண்டு வருஷப் பகையாளி எதிரே நின்று பல்லைக் காட்டும்போது யாருக்கும் ஒரு படி விட்டுப்போகும்.

"எத்தனை நாளா அடிக்குதும்மா?"

"ரெண்டு மாசமா. சனிக்கிழமை மட்டும். அன்னிக்கு மூணு மணிக்குத் தரையைக் கழுவி விடுவாங்க. ஈரத்துல வழுக்குதுன்னு நான் செருப்பைக் கழட்டி வச்சுட்டு மீதி இருக்கறதை முடிப்பேன்."

"ரெண்டு மாசம் முன்னாடி என்ன மாறிச்சு?"

"முன்னாடி காலுக்கடியில ரப்பர் பாய் இருந்துச்சு. நைஞ்சுபோச்சுன்னு அண்ணன் தூக்கிப் போட்டுட்டாரு."

முதலாளி ஆமாம் என்று தலையாட்டினார். தூக்கிப் போட்டது உண்மைதான். அதில் என்ன வந்தது?

சகலை பஃப் மிஷினின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் உட்கார்ந்தார். வேறொரு மீட்டரின் ஒரு முனையை பிளக்கில் எர்த்துக்கான பெரிய பின்னில் வைத்தார். மறு முனையை மிஷினின் இரும்பு உடம்பில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒயர் ஒழுங்காக இருந்தால் மீட்டர் 'பீ' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. இடம் மாற்றிச் சுரண்டி வைத்தார். ஊஹும். அடுத்து மோட்டாருக்குள் ஓடும் ஒயருக்கும் உடம்புக்கும் நடுவே இன்சுலேஷனை அளந்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இங்க லட்சக்கணக்குல ஓம் இருக்கணும். ஆறாயிரம்தான் இருக்கு. பித்தளைத் தூசியும் ஈரமும் சேந்து உள்ள களியா அப்பியிருக்கு. கரண்ட் ஒழுகுது. ஒழுகறது போறதுக்கு எர்த் ஒயர் இல்ல. எங்கயோ அறுந்திருக்கு." ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிளக்கைத் திறந்தார்.

அறுந்திருக்கவில்லை. எர்த்துக்கான பச்சை ஒயர் கட்டரால் சுத்தமாக வெட்டப்பட்டு, முனை பின்னுக்கு மடக்கப்பட்டு, அதன் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி, பிற்பாடு நகம் வைத்துப் பிரிக்க வசதியாகக் குட்டிக் காது மாதிரி மடித்து விடப்பட்டிருந்தது.

அந்தக் காதைப் பார்த்ததும் முதலாளிக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலம். அவசர ஆர்டர். பஃப் மிஷினைப் போட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவிட்ச் விழுந்தது. எத்தனை தடவைதான் தூக்கிவிடுவது? பச்சை ஒயரைக் கழற்றினால் விழாது என்று அவரே கண்டுபிடித்தார். ஆர்டர் போகட்டும், பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் அந்தக் காதை மடித்து விட்டார். ஆர்டர் போயிற்று. சுவிட்ச் அதன் பிறகு விழவே இல்லை. விழாத சுவிட்சைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அதன் மேல் பிரியம் வந்தது. திங்கட்கிழமைப் பொத்தான் பூஜை ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். ஒயரை வெட்டியதை அவர் மறைக்கவில்லை, மறந்தே போனார். சத்தியமாக மறந்துபோனார்.

"இது யாரு பண்ணின வேலை?" என்று சகலை நிமிர்ந்தார். "இங்க பிளக், ஒயர் எல்லாம் யாரு பாக்கறது?"

அத்தனை தலையும் ஃபிட்டர் பக்கம் திரும்பியது. நாற்பதைத் தாண்டிய மனிதன், பெயர் 'மௌனசாமி'. நாள் முழுக்க வேலை செய்வான், நாலு வார்த்தை பேசமாட்டான். பட்டறையில் பிளக் மாட்டுவது, ஃபியூஸ் போடுவது எல்லாம் அவன்தான். அன்றைக்கு முதலாளி ஒயரை வெட்டும்போது டார்ச் பிடித்ததும் அவன்தான். அவன் முதலாளியை ஒரு தரம் பார்த்தான். பிறகு தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

"நீயா?" என்றாள் பாலிஷ். குரல் உடைந்தது. "நீயாய்யா பண்ணினே?"

மௌனசாமி வாயைத் திறக்கமாட்டான் என்பது முதலாளிக்குத் தெரியும். இப்போது அவர் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. வெறுமனே நின்றால் போதும். பழி தானாக நடந்து போய் அவன் தலையில் உட்கார்ந்துகொள்ளும். சகலை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார். பிறகு தனியாகக் கூப்பிட்டு அவனைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். மூச்சு விடும் நேரத்துக்குள் இவ்வளவும் அவர் மனதில் ஓடியது. அப்போதுதான் மனைவி கண்ணில் பட்டாள். ஏழாம் படியை விட்டு அவள் எப்போது இறங்கினாளோ, பிளக்குக்குப் பக்கத்தில் வந்து நின்று அந்த டேப் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் அவர் டேப் சுற்றிய இஸ்திரிப் பெட்டி ஒயர், குடைக் கைப்பிடி, அவள் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றிலும் அதே குட்டிக் காது உண்டு. புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றார் முதலாளி.

யாருக்கும் காதில் விழவில்லையோ என்று நினைத்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். "நான்தான் வெட்டினேன். மூணு வருசம் ஆச்சு. அவன் டார்ச்சுதான் பிடிச்சான்."

சகலை அவரை நேராகப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சொல்லியிருந்தால் தெருவுக்கு ஒரு மாதத்துக்குத் தீனி ஆகியிருக்கும். அவரோ வெட்டிய ஒயரைச் சீவி, பின்னில் மாட்டி, பிளக்கை மூடினார். "தள்ளி நில்லுங்க" என்று சொல்லிச் செருகி, மிஷினைப் போட்டார்.

'டக்.' பட்டறை இருண்டது. இந்தத் தடவை யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

"இது கெட்டுப்போனதால விழல. வேலை செய்யறதால விழுது" என்றார் சகலை இருட்டில். "மோட்டார்லேர்ந்து ஒழுகினது பச்சை ஒயர் வழியாப் போனா சுவிட்ச் கண்டுபிடிச்சிடும். அந்த வழியை அடைச்சிட்டீங்க. சனிக்கிழமை ஈரத்துல இந்தப் பொண்ணோட கால் வழியாப் போச்சு. அது முப்பது மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. அதனால விழல. கை ஒட்டிக்கறதுக்குப் பத்தே போதும்."

மிஷின் பிளக்கைப் பிடுங்கி சுவிட்சைத் தூக்கிவிட்டார்கள். விளக்கு வந்தபோது பாலிஷ், முதலாளியை விட்டுவிட்டு மௌனசாமி முன்னால் போய் நின்றிருந்தாள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

அவன் தலையாட்டினான். "எனக்கும் ரெண்டு தடவை அடிச்சுது."

"அடப்பாவி! சனிக்கிழமை அத்தனை பேர் முன்னாடி நான் பொய்க்காரியா நின்னேனே, அப்ப சொல்லித் தொலைக்கக் கூடாது?"

"மொதலாளி கோவப்படுவாரு."

"நான் செத்துப் போயிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரா?"

முதலாளி அதே ஆறு பேர் முன்னால், "நீ சொன்னதுதாம்மா நிஜம். பொய்யின்னு சொன்னது என் தப்பு. அடுத்த தெருப் பொண்ணை வர வேணாம்னு இன்னிக்கே சொல்லிடறேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போனதை அவர் மனைவி பார்த்தாள்.

"மோட்டார் சரியாகட்டும். இந்த ஐயா வந்து மிஷினைச் சோதிக்கட்டும். செவுத்தை இல்ல, மிஷினை. அப்புறம் நிக்கறேன்" என்றாள் பாலிஷ். பெஞ்சுக்குப் போய் உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மோட்டாரைக் கழற்றிக்கொண்டுபோய், உள்ளே செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற காயில்காரர் வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து நாலு வருஷம். வந்தவர், வேறு யாரையும் கேட்காமல் பாலிஷிடம், "எந்தப் பக்கம் தொட்டா அடிச்சுது? கை எத்தனை நேரம் ஒட்டியிருந்துச்சு?" என்று கேட்டார். அவள் கையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் பதில் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று; அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. மோட்டார் நாலு நாளில் திரும்பி வந்தது. அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் அதற்குப் பிறகு பதினோரு தடவை வந்தார். எந்த மோட்டாருக்கு ஐயா இந்த உபசாரம்?

எட்டு மாதத்தில் இருவருக்கும் கல்யாணம். பாலிஷ் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டாள். புருஷன் கடையில், மோட்டார்களின் உடம்பில் மீட்டர் வைத்துப் பார்ப்பது இப்போது அவள் வேலை. அவள் சரி என்று சொல்லாமல் ஒரு மோட்டாரும் வாசல் தாண்டாதாம். பஃப் மிஷினில் அடுத்த தெருப் பெண்தான் நிற்கிறாள், செருப்போடு, புது ரப்பர் பாய் மேல்.

கல்யாணப் போட்டோவில் முதலாளி முழு முகத்தோடு விழுந்திருக்கிறார். மாப்பிள்ளை பக்கத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியது சகலைதான் என்கிறார்கள். பேச்சுவார்த்தை உண்டு, ஆனாலும் பாதி இன்னும் மாடிப்படி வழியாகத்தான் நடக்கிறது.

மௌனசாமிதான் பட்டறையில் நிற்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. பாலிஷுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பினான். ஏன் என்று முதலாளி கேட்டதற்கு, பஃப் மிஷின் பக்கம் ஒரு தரம் பார்த்தான், பிறகு பெருவிரலைப் பார்த்தான். அங்கே ஒரு பம்பு கம்பெனியில் சேர்ந்திருக்கிறானாம். இப்போதெல்லாம் நன்றாகப் பேசுகிறான் என்று அவன் அக்கா சொல்லியனுப்பினாள். யாரிடம் பேசுகிறான் என்று முதலாளியின் மனைவி நாலு விதமாக விசாரித்துப் பார்த்துவிட்டாள். அது மட்டும் தெரியவில்லை.